கடப்பாக்கத்தில் கற்ற பாடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கடப்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவே தென்னையும் சவுக்கும் நிறைந்த மணற்பாங்கான நிலம். காண்பதற்கு இனிய ஊர். ஆயினும் அவ்வூரின் பெயர் எழுதிய கைகாட்டியைப் பார்ப்பதற்கே நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அஞ்சினேன். புதுச்சேரிக்குச் செல்லவேண்டிய அலுவல் வந்தபோதெல்லாம் திண்டிவனம் வழியாகவே சென்றேன். ஏன் என்று கேட்டவர்களிடம், அந்தச் சாலையில் பேருந்து வசதி அதிகம் என்று சொன்னேன். அது பொய்யன்று, ஆனால் உண்மைக் காரணமும் அன்று.

அன்பார்ந்த குடும்பத்தாரே, ஒரு குரு தம் சொந்தக் குறையை ஏட்டில் எழுதுவது வழக்கமன்று. எனினும், பிறரை மன்னிப்பது பற்றி எழுதத் தொடங்கியபின் இவ்வூர்க் கதையை மறைத்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது என்று எனக்குப் பட்டது.

அப்போது நான் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். கோயில் திருப்பணி நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் என்னைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் சென்றது. திருப்பணி நிதியில் நான் கையாடல் செய்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் மூன்று நாள் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார்கள். சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் சீட்டுக் கேட்டார்கள். முடிவில், ஒரு காசும் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்துச் சென்றார்கள். கடிதத்தை எனக்கும் காட்டினார்கள். அதில் கையொப்பம் இல்லை. ஆனால் கையெழுத்து இருந்தது. பங்குப் பேரவையில் என் பக்கத்தில் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் வரவு செலவு எழுதிய ஒருவரின் எழுத்து அது. என் மேசையில் உணவருந்தியவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் எழுதும் ‘ழ’கரத்தின் வால் எனக்குத் தெரியாதா?

சில மாதங்களில் அவர் குடும்பத்தோடு அந்தப் பங்கை விட்டு, தம் மனைவியின் ஊராகிய கடப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தார். பின்னர் எனக்கும் மாற்றல் வந்தது. நாள்தோறும் திருப்பலியில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னித்தருளும் என்று இறைவனிடம் வேண்டி வந்தேன். அந்த மனிதர்மீது எனக்குப் பகையில்லை என்றே நம்பினேன். பகையில்லாதவன் ஏன் சுற்றுவழியில் போகிறான் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

சென்ற தவக்காலத்தில் என் பங்கு மக்களுக்கு மூன்று நாள் தியானம் கொடுத்தேன். மன்னிப்பே பொருள். புனிதர்கள் பலருடைய வரலாறுகளை எடுத்துச் சொன்னேன். மக்கள் கண்ணீரோடு கேட்டார்கள். மூன்றாம் நாள் பூசை முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி அருகில் வந்தார். “சாமி, புனிதர்கள் மன்னிச்ச கதையெல்லாம் நல்லாச் சொன்னீங்க. நீங்க யாரையாச்சும் அப்படி மன்னிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை. சாப்பிட்டாயா என்று பேரப்பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்டார். என்னால் விடை சொல்ல இயலவில்லை. மறுவாரமே கடப்பாக்கத்துக்குப் புறப்பட்டேன்.

கழிக்கும் கடலுக்கும் இடையே

மாமல்லபுரத்தில் புதுச்சேரிப் பேருந்தில் ஏறினேன். கல்பாக்கம் தாண்டியதும் பாலாறு வந்தது. பாலத்தின்கீழ் தண்ணீரைவிட மணலே மிகுதி. கூவத்தூர், பரமன்கேணி, முதலியார்குப்பம் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கடந்தன. ஓதியூர்க் கழி சாலையோரத்தில் வெயிலில் பளபளத்தது. முழங்கால் அளவு நீரில் நின்று ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார்.

இப்பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கடலுக்கும் கழிக்கும் இடையே அமைந்த நாடு என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. கடப்பாக்கமும் இந்நாட்டைச் சேர்ந்ததே. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டவர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையில் வாடி எதிரே வரும் மற்றொரு பாணனுக்கு வழி காட்டுவதாக அமைந்த நூல் அது. தான் பெற்றதைப் பெறாதவனுக்குச் சொல்லி, இன்ன வழியாகப் போ என்று அனுப்புவதே ஆற்றுப்படை. புனிதர்களின் வரலாறும் நமக்கு ஒருவகை ஆற்றுப்படையன்றோ என்று பேருந்தில் எண்ணிக்கொண்டேன். ஆனால் வழி சொல்லக் கேட்டவன் நடக்கவும் வேண்டும். மூன்று நாள் தியானத்தில் நான் வழி சொன்னேனே ஒழிய, ஓர் அடியும் நடக்கவில்லை.

கூவத்தூரிலிருந்தே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். “ஐயா, நான் உங்களை முழுமனத்தோடு மன்னித்துவிட்டேன்” என்பதே அது. கடப்பாக்கத்தில் இறங்கியதும், நேரே அவர் வீட்டுக்குச் செல்லத் துணிவு வரவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஆலம்பரைக் கோட்டைக்கு விடச் சொன்னேன்.

இடிந்த கோட்டை சொல்லும் கதை

கடப்பாக்கத்தை அடுத்து, கழிமுகத்தின் ஓரத்தில் நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் ஆட்சிக் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பப்பட்டது. துறைமுகமும் நாணயச்சாலையும் கொண்டு செழித்த இடம். 1750-ஆம் ஆண்டு முசாபர் ஜங், தமக்குச் செய்த படை உதவிக்குக் கைம்மாறாக இதனைப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு அளித்தார். 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். எஞ்சிய சுவர்களில் ஒரு பகுதி 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் சேதமுற்றது.

இடிந்த மதிலின் நிழலில் அமர்ந்தேன். இக்கோட்டை ஏன் இடிக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தேன். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றனர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். 1760-இல் ஆலம்பரை இடிந்தது. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. புனித தாவீது கோட்டைக்குப் பழிக்குப் பழியாக அந்நகரையே இடித்துத் தள்ளினார்கள். தோல்வியுற்றுத் தாய்நாடு திரும்பிய லாலியின் தலையை 1766-இல் பாரிசு நகரில் அவருடைய சொந்த அரசே வெட்டியது.

இரு சாராரும் கிறிஸ்தவர்கள். மன்னிப்பதுபோல மன்னியும் என்னும் அதே செபத்தை இரு சாராரும் தத்தம் மொழியில் சொன்னவர்கள். ஒருவர் இடித்ததற்கு மற்றவர் இடிக்க, அதற்கு இவர் இடிக்க, கடைசியில் எஞ்சியவை செங்கற்குவியல்களே. அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக நானும் எனக்குள் ஒரு கோட்டை வைத்திருந்தேன். அதன் சுவர் மட்டும் இன்னும் இடியாமல் நின்றது.

நடந்து சென்ற புனிதர்கள்

தியானத்தில் நான் எடுத்துரைத்த புனிதர்கள் அந்த மதில் நிழலில் மீண்டும் நினைவுக்கு வந்தனர். அவர்கள் எல்லாரிடத்தும் ஒரு பொதுத்தன்மை இருப்பதை அப்போதுதான் கண்டேன். மன்னிப்பு அவர்களுக்கு வெறும் மன இளக்கமாக இருக்கவில்லை. கால்களால் நடக்கவேண்டிய ஒரு வழியாக இருந்தது.

நம் தமிழகத்தின் புனித அருளானந்தரை எடுத்துக்கொள்வோம். 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்த அவர், 1686-இல் மறவர் சீமையில் பிடிபட்டார். அவரும் அவருடைய உபதேசியார்களும் கொடிய வாதைகளுக்கு உள்ளாயினர். விடுதலை பெற்றபின் அவருடைய சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. இளமையில் அவரோடு அரண்மனையில் பழகிய போர்த்துக்கல் அரசர், அவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ள விரும்பினார். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ 1690-இல் திரும்பி வந்தார். தம்மை அடித்த அதே சீமைக்கே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூர் மணலில் அவருடைய தலை வெட்டப்பட்டது. மறவர் சீமையை மன்னித்துவிட்டேன் என்று அவர் எழுதி வைத்திருந்தால் அது ஒரு செய்தி. தம்மைப் புடைத்தெடுத்த மக்களின் நடுவே மீண்டும் வந்து வாழ்ந்ததே பெரிய மன்னிப்பு.

இரண்டாம் யோவான் பவுலை நம்மில் பலர் நேரில் கண்டிருக்கிறோம். 1986 பிப்ரவரி 5 அன்று அவர் சென்னைக்கு வந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1981 மே 13 அன்று, புனித பேதுரு சதுக்கத்தில் அவரைத் துப்பாக்கியால் சுட்டான் அக்கா என்னும் துருக்கியன். மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே திருத்தந்தை அவனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அத்தோடு நிற்கவில்லை. 1983 டிசம்பர் 27 அன்று உரோமையின் சிறைச்சாலைக்குத் தாமே சென்று, அவனுடைய அறையில் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அமர்ந்து பேசினார்.

நம் நாட்டில் நம் காலத்திலேயே நிகழ்ந்தது மற்றொன்று. கேரளத்தில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகர்ப் பகுதியில் ஏழை மக்களின் உரிமைக்காக உழைத்தார். அது பிடிக்காத சிலர் ஏவ, சமுந்தர் சிங் என்பவர் 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் அவரைக் குத்திக் கொன்றார். 2002-இல் ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் துறவியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று, அக்காவைக் கொன்ற கையில் ராக்கி கட்டி, அவரைத் தம் சகோதரராக ஏற்றுக்கொண்டார். குடும்பத்தாரும் அவருடைய விடுதலைக்காக மன்றாடினர். பின்னர் அவர் கேரளத்துக்குச் சென்றபோது, பெற்ற தாய் அந்தக் கைகளை எடுத்து முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். மன்னிப்பு நீதியை ஒழிப்பதன்று. திருத்தந்தை சிறைக்குச் சென்றார். ஆனால் அக்கா 2000-ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையிலேயே இருந்தான். குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போ என்று ஒரு பெண்ணிடம் சொல்வது புனிதர்களின் பாடமன்று. முதலில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். தவற்றைத் தவறு என்று சொல்லி, அதற்குரிய நீதியை அதன் வழியில் நடக்கவிட்டு, ஆளை மட்டும் வெறுக்காமல் இருப்பதே மன்னிப்பு.

இவ்வாறெல்லாம் எண்ணிக்கொண்டு, நானும் ஒருவகையில் அவர்கள் வழியில் நடக்கப்போகிறேன் என்ற நிறைவோடு எழுந்தேன். அந்த நிறைவு ஒரு மணி நேரமும் நீடிக்கவில்லை.

திண்ணையில் கேட்ட வார்த்தை

குப்பத்துக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டு வீடு. வாசலில் என்னைக் கண்டதும் அவருடைய மனைவி திகைத்து நின்று, சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, “தோத்திரம், சாமி” என்றார். திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் பெரியவர் சாய்ந்திருந்தார். பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் விழுந்திருந்தன. “வாங்க சாமி, உட்காருங்க” என்றார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே தொடங்கினார்.

“அந்தக் கடுதாசியை நான்தான் எழுதினேன், சாமி. உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஜல்லிக்குச் சீட்டு எங்கேன்னு கேட்டேன். பத்துப் பேர் முன்னால, உமக்கு என்ன தெரியும்னு எரிஞ்சு விழுந்தீங்க. அந்த ஆத்திரத்துல எழுதினேன். எழுதினது பாவம். அதுக்கு அப்பவே பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்.”

என் வாக்கியம் நாவின் நுனியில் காத்திருந்தது. அதைச் சொல்லுமுன் அவர் தொடர்ந்தார்.

“ஆனா, அந்த ஞாயித்துக்கிழமைப் பிரசங்கம், சாமி…”

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. விசாரணை முடிந்த மறு ஞாயிறு நான் யூதாசைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். உடனிருந்து உண்டவனே காட்டிக்கொடுத்த கொடுமையை உருக்கமாக எடுத்துரைத்தேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சிறிய பங்கு அது. மிக நன்றாக அமைந்த பிரசங்கம் என்று அன்று நான் மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது.

“நான் செஞ்சதுக்கு நான் அனுபவிக்கலாம். அன்னிக்கு என் மக பாட்டுக் குழுவில முன்னால நின்னுக்கிட்டு இருந்தா. பதினாறு வயசு. சனங்க அத்தனை பேரும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தாங்க. அன்னிக்கு நிறுத்தினவதான், சாமி. இன்னிக்கு வரைக்கும் கோயில்ல வாயைத் திறந்து பாடலை.”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. கணக்கு ஒப்புவிப்பவரைப்போலச் சொன்னார். அவர் எப்போதும் நல்ல கணக்கர்.

அவ்வேளை ஓர் இளம்பெண் மோர்த் தம்ளரோடு வெளியே வந்தாள். அந்த மகள்தான் என்று தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். கூவத்தூரிலிருந்து மனப்பாடம் செய்து வந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. “அம்மா, அன்று நான் செய்தது பிரசங்கம் அன்று. வாசகமேடையில் நின்றுகொண்டு உன் தந்தையைப் பழிவாங்கினேன். உன்னைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. என்னை மன்னிக்கவேண்டும்” என்றேன்.

அவள் சற்று நேரம் என்னைப் பார்த்தாள். “மோரைக் குடிங்க, சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிட்டாள்.

பெரியவர் தம் வலக்கையை நீட்டி என் கையைப் பற்றிக்கொண்டார். அந்தத் திண்ணையில் யார் யாரை மன்னித்தார்கள் என்று இருவரும் கணக்குப் பார்க்கவில்லை. விடைபெறும்போது அவர் ஆசீர் கேட்டார். அவருடைய நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தேன். பிறகு அவருடைய கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் நிற்பவன்

திரும்பி வரும் பேருந்தில், தியானத்தில் நான் சொன்ன மற்றொரு வரலாறு நினைவுக்கு வந்தது. 1902-இல் பதினொரு வயதுச் சிறுமி மரிய கொரற்றியைக் குத்திக் கொன்றவன் அலெசாந்திரோ. முப்பது ஆண்டுத் தண்டனையில் இருபத்தேழு ஆண்டுகள் சிறையில் கழித்து வெளிவந்தபின், அச்சிறுமியின் தாய் அசுந்தாவைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டான். தாய் மன்னித்தாள். 1950-இல் மகளுக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது அந்தத் தாயும் உயிரோடிருந்து கண்டாள். இதனைச் சொல்லும்போதெல்லாம் சிறுமியையும் தாயையும் பற்றியே பேசி வந்தேன். கதவைத் தட்டிவிட்டு வாசலில் நின்றவனைப் பற்றி நான் பேசியதே இல்லை.

நாம் புனிதர் வரலாற்றைப் படிக்கும்போது எப்போதும் புனிதரின் இடத்திலேயே நம்மை வைத்துக்கொள்கிறோம். நான் கடப்பாக்கத்துக்குச் சென்றபோது, சிறைக்குச் சென்ற திருத்தந்தையைப்போல என்னை எண்ணிக்கொண்டேன். சென்று சேர்ந்தபின்தான், மன்னிப்புக் கேட்டு வாசலில் நிற்கவேண்டியவன் நான் என்று தெரிந்தது. மலைப்பொழிவில் ஆண்டவர், காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்துகொள் என்கிறார். எப்போது? உனக்கு உன் சகோதரன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால் என்கிறார். முப்பது ஆண்டுகளாகப் பீடத்தில் நிற்கும் நான், அந்த வேறுபாட்டைக் கடப்பாக்கத்துத் திண்ணையில்தான் கற்றேன்.

பலர் முன்னிலையில் செய்த தவற்றுக்குத் திண்ணையில் கேட்ட மன்னிப்பு போதாது. ஆகவேதான் இதனை இங்கே எழுதுகிறேன். எழுதுமுன் அக்குடும்பத்தாரின் இசைவைக் கேட்டேன். பெயரின்றி எழுதலாம் என்றார்கள்.

அன்புக்குரியவர்களே, நம் ஒவ்வொருவருக்கும் சுற்றுவழியில் தவிர்க்கும் ஓர் ஊர் இருக்கிறது. பாகப்பிரிவினைக்குப்பின் படி மிதிக்காத அண்ணன் வீடாக இருக்கலாம். பத்திரிகை வைக்கவில்லை என்று திருமணத்துக்குப் போகாத அத்தை வீடாக இருக்கலாம். ஒரு வேலித் தகராற்றுக்காக இழவுக்கும் போகாத அடுத்த வீடாக இருக்கலாம். மன்னிக்கப் போகிறோம் என்று பெருமையோடு போனாலும் சரி, போய்ச் சேர்ந்தபின் மன்னிப்புக் கேட்க நேர்ந்தாலும் சரி, முதலில் புறப்படுங்கள். அங்கே சென்றபின், மன்னித்தே ஆகவேண்டும் என்று யாரையும் நெருக்காதீர்கள். கொடுப்பது நம் கடமை. கேட்டுப் பெறும்போது காத்திருப்பதும் நம் கடமை.

இப்போதெல்லாம் புதுச்சேரிக்குச் செல்லும்போது கடற்கரைச் சாலையிலேயே போகிறேன், கடப்பாக்கத்தில் இறங்குகிறேன். பெரியவர் கோலூன்றிச் சில அடிகள் நடக்கிறார். அவருடைய மகள் எனக்கு மோர் கொடுக்கிறாள். கோயிலில் அவள் இன்னும் பாடவில்லை. அவளுக்காகவும் எனக்காகவும் இன்றிரவு குடும்பச் செபத்தில் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.